பார்த்தெழுதிய ஒப்படை

நோன்புப் பெருநாளைக்கு மறுநாள் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தான். எங்கள் கிராமத்தில் அது இன்றும் ஒரு செய்திதான். அவனுடைய உம்மா வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருந்தார். ஆனால் பையனின் முகத்தில் பெருநாளைக் காணவில்லை.

"என்ன மகன், சந்தோஷமில்லையா?" என்று கேட்டேன்.

"என்ன சேர் சந்தோஷம்? நாலு வருஷம் நோட்ஸைப் பாடமாக்கி எழுதிப்போட்டு வரப்போறன். நம்மட நாட்டுப் படிப்பு அவ்வளவுதானே. பின்லாந்துல பரீட்சையே இல்லையாம். அங்க படிச்சாத்தான் படிப்பு. இங்க என்னத்தப் படிக்கிற?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாமற் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அவன் போன பின்னர் பல நாட்கள் அவனுடைய பேச்சு என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. அதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடப்பதாக எனக்குப் பட்டது. எந்த நாட்டின் கல்விமுறை சிறந்தது என்பது ஒன்று. குறையுள்ள ஒரு முறைக்குள் படிப்பவனுக்கும் ஒழுங்காகப் படிக்கும் கடமை உண்டா என்பது மற்றது. முதலாவது, தகவல்களைத் தேடி விடை காணக்கூடிய கேள்வி. இரண்டாவது மனச்சாட்சியைக் கேட்பது. நாம் பெரும்பாலும் முதலாவதைப் பேசிப்பேசியே இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொள்கிறோம்.

முதலாவதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பின்லாந்தில் பரீட்சையே இல்லை என்பது பாதி உண்மை. அங்கு பிள்ளைகள் ஏழு வயதில் பாடசாலைக்குப் போகிறார்கள். ஒன்பது வருடப் பொதுக் கல்வி முடியும்வரை நாடு தழுவிய தெரிவுப் பரீட்சை எதுவும் இல்லை. ஆனால் உயர் இடைநிலையின் முடிவில் ஒரு தேசியப் பரீட்சை உண்டு. அது 1852 முதல் நடந்து வருகிறது. இதைவிட முக்கியமானது வேறொன்று. 1970களில் அந்த நாடு தன் பாடசாலைகளை ஒரே பொதுப் பாடசாலை முறைக்குள் கொண்டுவந்தபோது, ஆசிரியர் கல்வியையும் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றியது. 1979 முதல் ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கும் முதுமாணிப் பட்டம் வேண்டும் என்றானது. பாடசாலைப் பரிசோதனை முறையைக் கைவிட்டது அதற்குப் பின்னர், 1990களின் தொடக்கத்தில். முதலில் ஆசிரியரை ஆழமாகப் படிப்பித்தார்கள். பிறகு அவரை நம்பினார்கள். இந்த வரிசையை நம்மவர்கள் கவனிப்பதில்லை. பரீட்சை இல்லை என்ற பகுதி மட்டும் நமக்கு இனிக்கிறது.

அந்த வெற்றியும் நிரந்தரமாக இருக்கவில்லை. பீசா எனப்படும் சர்வதேச மதிப்பீட்டில் 2000ஆம் ஆண்டு வாசிப்பில் 546 புள்ளிகளோடு முதலிடம் பெற்ற பின்லாந்து, 2022இல் 490 புள்ளிகளுக்கு இறங்கியிருந்தது.

தென் கொரியா வேறு ஒரு முகம். அங்கு நவம்பர் மாதத்தில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையின் ஆங்கிலச் செவிமடுத்தற் பகுதிக்காக, ஏறத்தாழ அரை மணித்தியாலம் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் நிறுத்தப்படுகின்றன. மாணவர்கள் வீதி நெரிசலில் அகப்படாதிருக்க அலுவலகங்கள் பிந்தித் திறக்கின்றன. நாடே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் நாள் அது. 1980இல் அரசாங்கம் தனியார் வகுப்புகளைத் தடைசெய்தது. 2000ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. இன்று சியோல் நகரில் ரியூஷன் நிலையங்கள் இரவு பத்து மணிக்கு மூடப்பட வேண்டும் என விதி இருக்கிறது. பத்து மணிக்காவது பிள்ளை வீடு திரும்பட்டும் என்று சட்டம் போட வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். பீசா மதிப்பீடுகளில் அந்த நாடு முன்வரிசையில் நிற்கிறது என்பதும் உண்மையே.

ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரிகிறார்கள். பத்து வயதில் ஒரு பிள்ளையின் வழியைத் தீர்மானிப்பது நியாயமா என்ற விவாதம் அங்கேயே ஓயவில்லை. ஆயினும் வாரத்தில் சில நாட்கள் தொழிலகத்திலும் சில நாட்கள் தொழிற் பாடசாலையிலும் கற்கும் அவர்களது முறை, பல்கலைக்கழகம் போகாதவனைத் தோற்றவனாகக் கைவிடுவதில்லை. கைத்தொழிலில் 'மைஸ்ட்டர்' தகைமை பெற்றவருக்கு 2009க்குப் பின்னர் பல்கலைக்கழகக் கதவும் திறந்திருக்கிறது. நமது ஊரிலே உயர்தரத்தில் இடம் கிடைக்காத பிள்ளையை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதை இங்கு ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தான்சானியாதான். அந்நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே ஓர் ஆசிரியர். அம்மக்கள் அவரை 'முவாலிமு' என்றே அழைத்தார்கள். ஆசிரியர் என்பது பொருள். நாம் 'முஅல்லிம்' என்கிறோமே, அந்த அரபு வேரிலிருந்து சுவாஹிலிக்குப் போன சொல்தான். 1967இல் 'சுயசார்புக்கான கல்வி' என்ற பிரகடனத்தில் அவர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளில் மிகச் சிலரே மேலே போகப் போகிறார்கள் என்றால், அந்தச் சிலருக்கான தயார்படுத்தலாக எல்லாப் பிள்ளைகளின் கல்வியையும் அமைப்பது எப்படி நியாயமாகும்? ஒவ்வொரு கட்டக் கல்வியும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும் என்றார் அவர். நடைமுறையில் எல்லாம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. பல இடங்களில் பாடசாலைத் தோட்டம் கல்வியாக மாறாமல் வெறும் கூலி வேலையாகிப் போனது. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை நடக்கும் ஒவ்வொரு வருடமும் அது எனக்கு நினைவு வருகிறது.

நமது நாட்டுக்கு வருவோம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனாலேதான் மீனவரின் பிள்ளையும் வயற்காரரின் பிள்ளையும் மருத்துவரானார்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுகிறது. எங்கள் மாவட்டமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பதுதான். இந்த ஏற்பாட்டில் குறை காண்போர் இருக்கிறார்கள். என்றாலும் நல்ல ஆய்வுகூடம் இல்லாத ஊரில் படித்தவனை, கொழும்பில் படித்தவனோடு ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆக, எங்கள் பிள்ளை ஒன்று பெறும் ஆசனத்துக்கு மூன்று விலைகள் உண்டு. அந்தப் பிள்ளையின் உழைப்பு ஒன்று. சில புள்ளிகளால் வெளியே நின்றுவிட்ட இன்னொரு பிள்ளை இரண்டாவது. பாய் இழைத்து விற்கும் மூதாட்டி தான் வாங்கும் சவர்க்காரத்திலும் மாவிலும் தெரியாமலே கட்டும் வரி மூன்றாவது. இலவசம் என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

இனி, அன்று நான் பேசாமல் இருந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

நானும் சில புள்ளிகளால் வெளியே நின்றவன்தான். தொண்டர் ஆசிரியராக இருந்து, நியமனம் பெற்று, 2003இல் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். இரண்டு வருடப் பயிற்சி. சம்பளத்தோடு படிக்கும் வாய்ப்பு. அங்கே எங்களுக்கு ஓர் ஒப்படை தரப்பட்டது. வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளை ஒன்றை இனங்கண்டு, மூன்று மாதம் அவதானித்து, பரிகாரக் கற்பித்தல் செய்து அறிக்கை எழுத வேண்டும். எங்களுக்கு முந்திய அணியைச் சேர்ந்த ஒருவரின் கோவை விடுதியில் கைமாறிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்தேன். பிள்ளையின் பெயரை மாற்றினேன். வயதை மாற்றினேன். எனது கையெழுத்து அழகானது. இரண்டு இரவில் முடித்துவிட்டேன். நல்ல புள்ளி கிடைத்தது. இல்லாத ஒரு பிள்ளையை நான் வாசிக்கப் பழக்கியிருந்தேன்!

அந்தக் கலாசாலையில் ஒரு நூலகம் இருந்தது. வாசிப்பு இடர்பாடுகள் பற்றிய நூல் ஒன்று அங்கிருந்தது. அதன் முதுகைப் பலமுறை பார்த்திருக்கிறேன், கையில் எடுத்ததில்லை. பின்னேரங்களில் சந்தேகம் கேட்க வரும்படி சொல்லிவிட்டுக் காத்திருந்த விரிவுரையாளர் ஒருவரும் இருந்தார். நாங்கள் கிரிக்கெட் விளையாடப் போனோம்.

2006இல் தரம் மூன்று எனக்குத் தரப்பட்டது. அந்த வகுப்பில் ஒரு பையன். வாய்ப் பேச்சில் கெட்டிக்காரன். கீரி மீன் ஒரு கிலோ இவ்வளவு என்றால் மூன்றரைக் கிலோவின் விலையை விரலை மடக்காமல் சொல்லுவான். ஆனால் எழுத்துகள் அவனுக்குக் குழம்பின. 'ப'வும் 'ம'வும் இடம் மாறின. நேற்றுப் படித்த சொல் இன்று அந்நியமானது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் வெட்கம். சோம்பேறி என்றேன். கடைசி வாங்கில் இருத்தினேன். வருடம் முடிந்தது, தரம் நான்குக்கு ஏற்றிவிட்டேன். பின்னர் அவன் படிப்பை விட்டு வாப்பாவோடு தோணிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அண்மையில் அவர் தன் மகளைத் தரம் ஒன்றில் சேர்க்கப் பாடசாலைக்கு வந்தார். விண்ணப்பப் படிவத்தை என்னிடம் நீட்டி, "கண்ணாடி கொண்டு வரல்ல சேர், நீங்களே எழுதுங்க" என்றார். அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை. கடலில் வெகுதூரத்தில் வரும் தோணியை யாருடையதென்று சொல்லும் கண்கள் அவை.

அந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த ஒப்படையில் நான் ஏமாற்றியது விரிவுரையாளரை மட்டுமென்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன் என்பது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நாற்பத்திரண்டு பிள்ளைகள் கொண்ட வகுப்பு. விசேட கல்விக்கு ஆசிரியர் இல்லை. இடர்பாட்டை இனங்காணும் வசதி இல்லை. முறையின் குற்றத்தை ஏன் ஒரு தனிமனிதனின் தலையில் கட்ட வேண்டும்? இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அந்தப் பையனுக்கு நேர்ந்ததில் முறைக்குப் பெரிய பங்குண்டு. அதைச் சொல்லாமல் விடுவதும் தவறு. ஆனால் இரண்டு கடன்களையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. முறையின் குறை, என்னால் செய்ய முடியாதவற்றுக்குப் பதில் சொல்லும். முடிந்திருந்தும் நான் செய்யாதவற்றுக்கு அது பதில் சொல்லாது. அந்த நூலைத் திறந்து பார்க்க எனக்குப் பின்லாந்து தேவைப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. பின்லாந்தின் முறையை மாற்றியமைத்தவர்கள் பழைய, ஏற்றத்தாழ்வான பாடசாலைகளில் படித்தவர்கள். நியரேரே படித்தது குடியேற்ற ஆட்சியின் பாடசாலையில். கன்னங்கராவும் பணம் கட்டிப் படிக்கும் காலத்தில் புலமைப்பரிசிலால் மேலே வந்தவர். நல்ல முறைகள் வானத்திலிருந்து இறங்கவில்லை. மோசமான முறைக்குள் கவனமாகப் படித்த சிலர், அது எங்கே மோசம் என்பதைத் துல்லியமாக அறிந்து மாற்றினார்கள். படிக்காமலே முறையைச் சபிப்பவனுக்கு அதைத் திருத்தும் அறிவும் கிடைப்பதில்லை.

நியரேரே ஒரு உவமை சொன்னார். பஞ்சத்தில் வாடும் ஊரார், தூரத்திலிருந்து உணவு கொண்டுவரட்டும் என்று, இருப்பதையெல்லாம் ஒருவனுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். கல்வி பெற்றவன் அந்த மனிதனைப் போன்றவன். திரும்பி வராவிட்டால் அவன் துரோகி என்பது அவரது கருத்து. 2022 நெருக்கடிக்குப் பின் நமது மருத்துவர்களும் விரிவுரையாளர்களும் வெளிநாடு போனபோது நம்மில் பலர் இதே தொனியில் பேசினோம். எனக்கு இப்போது அப்படிப் பேச வாய் வருவதில்லை. நான் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. ஊர் தந்த உணவை உண்டுவிட்டு ஊரிலேயே படுத்துக்கொண்டவன். கடன் தீர்வது எங்கே இருக்கிறோம் என்பதால் மட்டுமென்றால், நான் எப்போதோ தீர்த்திருப்பேன்.

பையன் பல்கலைக்கழகம் புறப்படுவதற்கு முதல் நாள் அவன் வீட்டுக்குப் போய் இவ்வளவையும் சொன்னேன். பார்த்தெழுதிய ஒப்படையைப் பற்றியும் சொன்னேன். ஆசிரியர் ஒருவர் மாணவனிடம் சொல்லத் தயங்கும் விடயந்தான். பிறகு சில சிறிய காரியங்களைச் சொன்னேன். நோட்ஸ் எந்த நூலிலிருந்து வந்ததோ அந்த நூலைத் தேடி எடு. விரிவுரையாளர் சொன்னது விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். விடுதியில் சிங்கள மாணவன் பக்கத்தில் இருந்தால் அவனிடம் மொழி பழகு. உன்னுடையதை அவனுக்குக் கொடு. ஒப்படையை மட்டும் பார்த்தெழுதாதே. அதன் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று உனக்கு இன்று தெரியாது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

தோணிக்காரரிடமும் ஒருநாள் பேசினேன். இரவில் வந்தால் எழுத்துப் பழக்கித் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எனக்கு இனி எதுக்கு சேர்? புள்ளையப் பாருங்க" என்றார்.