ஆப்பும் ஆப்தனும்

பிளே ஸ்டோரைத் தவிர்த்து வேறு இடத்திலிருந்து ஓர் ஆப்பை இறக்கி ஆண்ட்ராய்டு போனில் நிறுவப் போனால், ஓர் எச்சரிக்கைத் திரை குறுக்கே வந்து நிற்கும். அறியப்படாத ஆப் என்று அது சொல்லும். அறியப்படாத என்றால் யாரால்? போனை வைத்திருப்பவராலா? ஆப்பை எழுதியவர் அவருடைய பக்கத்து வீட்டுப் பையனாகக்கூட இருக்கலாம். எழுவாயை விழுங்கிவிட்ட அந்தச் செயப்பாட்டு வினையில்தான் சூட்சுமம் இருக்கிறது. கூகுளால் அறியப்படாத என்பதே அதன் பொருள். அந்தத் தீர்ப்பை ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவு மட்டும் ஒரு சின்னப் பொத்தானாகப் பயனரின் கட்டைவிரலுக்கு அடியில் கிடக்கிறது.

தானே சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை யார் சொல்லைக் கொண்டு நம்புவது? இந்தக் கேள்வி கைப்பேசியோடு வந்ததல்ல. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கும்போது, அளவைவாதி முதலில் எடுத்து வைப்பது கடவுளைப் பற்றிய பேச்சை அல்ல. ஒன்றை அறிய எத்தனை வழி உண்டு என்ற கணக்கை. காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கிப் பத்து அளவைகளை அவன் அடுக்குகிறான். அதில் ஐதிகம் என்று ஒன்று உண்டு. இந்த மரத்தில் ஏதோ குடியிருக்கிறது என்று ஊரே சொல்கிறது, ஆகவே இருக்கிறது என்று தெளிவது. ஆப் கடையில் ஓர் ஆப்பின் பெயருக்குக் கீழே மின்னும் நட்சத்திரங்களும், இத்தனை கோடிப் பேர் இறக்கினார்கள் என்ற எண்ணும் சுத்தமான ஐதிகம்.

பின்னால் வந்த அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பத்தையும் மூன்றுக்குள் அடக்கினார்: காண்டல், கருதல், உரை. மணிமேகலையில் அறவண அடிகள் இன்னும் கறார்ப் பேர்வழி. காட்சியும் அனுமானமும் போதும், பிறர் சொல் தனி அளவையே ஆகாது என்ற பௌத்தக் கட்சி அவருடையது.

போன் விஷயத்தில் அடிகளைப் பின்பற்றுவது கடினம். ஓர் ஆப்பின் உள்ளே என்ன ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. டார்ச் ஆப் வெளிச்சம் தருகிறது, காட்சி அவ்வளவுதான். அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இறக்கப்பட்ட ஒரு டார்ச் ஆப், பயனர் இருக்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2013 டிசம்பரில் வெளிப்படுத்தியது. வெளிச்சத்தைப் பார்த்து எவர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்? ஆக, பெரும்பாலோருக்கு மிஞ்சுவது மூன்றாவது அளவை. உரை.

எவர் உரை என்பதில்தான் நியாய தரிசனம் கைகொடுக்கிறது. ஆப்தன் சொல்வதே பிரமாணம், அதாவது அளவை, என்பது நியாய சூத்திரம் இயற்றிய கௌதமரின் வாக்கு. ஆப்தன் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனரின் உரை தரும் இலக்கணம் வெகு எளிமையானது. பொருளை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன். அடுத்து அவர் சொல்வது இன்னும் அழகு: இந்த இலக்கணம் முனிவனுக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது. குலமோ புகழோ கணக்கில்லை. எப்படி அறிந்தாய், எதற்காகச் சொல்கிறாய் என்ற இரண்டே கேள்விகள்.

அந்த இரண்டையும் முதலில் பிளே ஸ்டோரிடமே கேட்டுப் பார்க்கலாம். 2008இல் ஆண்ட்ராய்டு மார்க்கெட் என்ற பெயரில் திறந்து, 2012இல் பெயர் மாற்றிக்கொண்ட கடை. உள்ளே வரும் ஆப்களை எந்திரங்களும் ஆட்களும் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் 2019 ஆகஸ்டில் கேம்ஸ்கேனர் மாட்டிக்கொண்டது. சான்றிதழையும் ரசீதையும் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்க இந்தியாவில் ஏராளமானவர்கள் வைத்திருந்த அதே ஆப்தான். பத்துக் கோடிக்கு மேல் இறக்கப்பட்டது. அதில் ஒட்டியிருந்த விளம்பர நிரல் ஒன்று வெளியிலிருந்து தீய நிரல்களை இறக்கும் வேலையைச் செய்ததாக காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டறிந்தது. ஆய்வாளர்களின் கண் அந்தப் பக்கம் திரும்பக் காரணம், கடைசிக் காலத்தில் பயனர்கள் எழுதியிருந்த வசவுகள். ஐதிகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது போலிருக்கிறது. மொத்த நட்சத்திரத்தை விட்டுவிட்டு, போன வாரத்து ஒற்றை நட்சத்திரங்களைப் படித்தால் அதிலும் சாரம் உண்டு.

ஐரெக்கார்டர் கதை வேறு மாதிரி. 2021 செப்டம்பரில் பிளே ஸ்டோருக்கு வந்தபோது அது யோக்கியமான திரைப்பதிவு ஆப். ஏறக்குறைய ஓராண்டு ஒழுங்காக இருந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு புதுப்பிப்பு வந்தது. அதன் பிறகு கால்மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் மைக்கைத் திறந்து சுற்றியிருக்கும் பேச்சைப் பதிந்து வெளியே அனுப்பத் தொடங்கியது. ஈசெட் நிறுவனம் இதை 2023 மே மாதம் வெளியிட்டபோது 50,000 முறைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தது. வாசலில் சோதித்து உள்ளே விட்டவன், உள்ளே வந்தபின் மாறினால் என்ன செய்வது? திருக்குறளில் தெரிந்துதெளிதல் அதிகாரம் முடிந்ததும் தெரிந்துவினையாடல் தொடங்குகிறது. ஆளைத் தேர்ந்தபின் அவன் வேலையைக் கவனிக்கும் அதிகாரம் அது. வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது சும்மா இல்லை.

பிளே ஸ்டோரை நம்புகிறவர்களின் நிலை, மீமாம்சை என்ற தரிசனத்தைச் சேர்ந்த மீமாம்சகர்களுடையது. அறிவு தோன்றும்போதே பிரமாணம், பொய்யென்று நிரூபிக்கப்படும்வரை அதை ஐயப்பட வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. சுதப் பிராமாண்யம் என்பார்கள். நியாய தரிசனத்தாரான நையாயிகர்கள் ஒப்பவில்லை. அறிவு மெய்யா என்பதை வெளியிலிருந்து வேறொன்று உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். மாற்றுக் கடை தேடுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ நையாயிகர் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

சேர்ந்தவுடன் அவர் கண்ணில் படுவது பெரும்பாலும் தவறான கடை. ஏபிகேபியூர் உலகம் முழுக்கப் பேர்பெற்றது. 2021 ஏப்ரலில் அதன் 3.17.18 பதிப்பில் தீய நிரல் இருப்பது தெரியவந்தது. கடையில் விற்ற சரக்கில் அல்ல, கடையின் சொந்த ஆப்பிலேயே. இங்கேயும் வந்த வழி ஒரு விளம்பர நிரல்தான். அடுத்த பதிப்பில் நீக்கினார்கள். போர்ச்சுகலின் ஆப்டாய்டு கடையில் 2020இல் களவு போய், 2 கோடிப் பயனர்களின் விவரங்கள் வெளியே கொட்டின. இரண்டு கடைகளுக்கும் கெட்ட எண்ணம் இருந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. வாத்ஸ்யாயனரின் முதல் கேள்வியிலேயே, அதாவது எப்படி அறிந்தாய் என்பதிலேயே, அவை தடுமாறுகின்றன. யாரோ தொகுத்துக் கொடுத்த பொட்டலத்தை வாங்கி அப்படியே கைமாற்றும் கடை, உள்ளே இருப்பதை நேரே அறிந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

எஃப்-டிராய்டு என்ற கடை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. 2010இல் தொடங்கிய இது கட்டற்ற மென்பொருள்களை மட்டுமே ஏற்கிறது. ஆப்பை எழுதியவர் கொடுக்கும் பொட்டலத்தை அப்படியே கைமாற்றுவதில்லை. பொதுவில் கிடக்கும் மூல நிரலை எடுத்து, தன் எந்திரத்தில் தானே தொகுக்கிறது. கடையில் அரைத்த மிளகாய்த்தூளை வாங்காமல், மிளகாயை வாங்கிக் கண்ணெதிரே மில்லில் அரைத்து வருகிற வீட்டுக்காரம்மாவின் முறை.

அதில் ஓர் ஆப்பின் பக்கத்தைத் திறந்தால், கடைகளில் சாதாரணமாகக் காணக் கிடைக்காத ஒன்று தென்படும். வேண்டாத அம்சங்கள் என்று ஒரு பட்டியல். இது விளம்பரம் காட்டும், இது உங்களைப் பின்தொடரும், இது மூடிய சேவை ஒன்றை நம்பியிருக்கிறது என்று சரக்கின் குறையைக் கடைக்காரரே எழுதி ஒட்டியிருப்பார். யூடியூப் பார்க்க உதவும் நியூபைப் ஆப்பில்கூட அப்படியொரு குறிப்பு உண்டு, யூடியூபே கட்டற்ற சேவை இல்லை என்பதால். புடலங்காயை எடுத்துக் கொடுக்கும்போதே இதில் ஒரு பக்கம் சொத்தை என்று சொல்லும் வியாபாரியை எத்தனை சந்தையில் பார்க்கலாம்? அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புதல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் சட்டென்று அகப்படவில்லை.

குறைகள் இல்லாமலில்லை. புதுப்பிப்புகள் சில நாள் தாமதமாக வரும். வங்கி ஆப், யு.பி.ஐ. ஆப் எதுவும் கிடைக்காது. எஃப்-டிராய்டு தொகுத்தது மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்பதற்கும் அதன் சொல்லே சாட்சி. இதைத் தீர்க்கத்தான் ஒரே மூலத்தை இரண்டு இடத்தில் தொகுத்து, இரண்டும் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருந்தால் மட்டுமே வெளியிடும் முறை வந்தது. எல்லா ஆப்களும் இன்னும் அதற்குள் வரவில்லை.

கூகுள் போகும் திசை வேறு. ஆண்ட்ராய்டில் எந்த வழியாக ஆப்பை வெளியிட்டாலும், எழுதியவர் தன் அடையாளத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அது அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் 2026 செப்டம்பரிலும், மற்ற நாடுகளில் 2027 முதலும் என்பது அந்த அறிவிப்பின் கணக்கு. இது நடந்தால் தங்கள் முறையே நசிந்துபோகும் என்று எஃப்-டிராய்டு எதிர்த்தது. அதே 2025 நவம்பரில் கூகுள் சற்றே இறங்கி, ஆபத்தை அறிந்தே நிறுவுகிறவர்களுக்கு ஒரு வழி விடுவதாகச் சொன்னது.

வேதம் ஏன் பிரமாணம் என்ற பழைய சண்டையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிழை மனிதனிடமிருந்து வருகிறது. வேதத்துக்கு ஆசிரியனே இல்லை, ஆகவே பிழையுமில்லை என்றார்கள் மீமாம்சகர்கள். வேதத்தை இயற்றியவன் ஈஸ்வரன், அவன் ஆப்தன், அதனால்தான் அது பிரமாணம் என்றார்கள் நையாயிகர்கள். நூலைப் பார் என்கிறது ஒரு கட்சி, ஆளைப் பார் என்கிறது மற்றது. எஃப்-டிராய்டு நூலைப் பார்க்கிறது, கூகுள் ஆளைப் பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிளே ஸ்டோரை நம்பும் மனநிலையில் மீமாம்சகராக இருப்பவர், ஆப்பை எழுதியவரின் அடையாள அட்டையைக் கேட்கும்போது நையாயிகராகிவிடுகிறார். மனிதர்கள் தத்துவப் பாடநூலை வைத்துக்கொண்டு வாழ்வதில்லை.

ஆளை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு ஐரெக்கார்டர் சாட்சி. நூலை மட்டும் பார்ப்பதும் போதாது. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் விவகாரம் அதற்குச் சாட்சி. எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்பட்ட, கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல். மூலம் திறந்தே கிடந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்தார். அதைத் திறக்கும் சாவியோ மூலக் கிடங்கில் இல்லை. வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் செருகப்பட்டிருந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைப் பார்த்தார். ஏன் என்று தோண்டினார். உலகத்துக்குச் சொன்னார். காண்டல், கருதல், உரை. அருணந்தியாரின் மூன்றும் அதே வரிசையில்.

அப்படியானால் இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லையா? நிரலைத் தொகுக்கும் கருவியே பொய் சொன்னால், மூலத்தைப் படித்து என்ன பயன் என்று 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் கேட்டார் கென் தாம்ப்சன். பிரமாணங்கள் பொருளை நிறுவுகின்றன சரி, பிரமாணங்களை எது நிறுவுகிறது என்று பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர் கேட்டதும் இதே கேள்விதான். நியாய சூத்திரத்தில் இதற்கு ஒரு தட்டான் கடைப் பதில் இருக்கிறது: தராசு. பொன்னை எடை போடும்போது தராசு அளவை; தராசில் சந்தேகம் வந்தால் அதையே எடுத்துச் சோதிக்கலாம், அப்போது அது அளக்கப்படும் பொருள். எல்லாத் தராசையும் ஒரே நாளில் சோதிக்க வேண்டியதில்லை. சோதிக்க விடாத தராசுதான் ஆகாது.

இதை வைத்துப் பார்த்தால் நடைமுறை முடிவு அவ்வளவு சிக்கலாக இல்லை. டார்ச், குறிப்பேடு, பி.டி.எஃப். வாசிப்பான், கீபோர்டு போன்றவற்றுக்கு எஃப்-டிராய்டு. கீபோர்டுக்கு முக்கியமாக, கடவுச்சொல் உட்பட அடிப்பது எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. வங்கிக்கும் யு.பி.ஐ.க்கும் பிளே ஸ்டோர், வேறு பேச்சே வேண்டாம். போன் நிறுவனத்தின் சொந்தக் கடையும், தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளோடு போன்பே 2024இல் திறந்த இண்டஸ் ஆப்ஸ்டோரும் ஆளைப் பார்க்கும் கட்சி. அந்த அளவுக்கு நம்பலாம். பெரிய பெயர் நிரந்தரம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்: அமேசான் தன் ஆண்ட்ராய்டு கடையை 2025 ஆகஸ்ட் 20இல் மூடிவிட்டது.

எந்தக் கடையானாலும் அதன் முதல் பிரதியை அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஒருமுறை நிறுவிய ஆப்புக்கு வேறு கையொப்பத்தோடு புதுப்பிப்பு வந்தால் ஆண்ட்ராய்டு ஏற்காது. அது நல்ல காவல்தான், ஆனால் முதல் ஆளே திருடனாக இருந்தால் அந்தத் திருடனுக்கே காவல் நிற்கும்.

நம் நாட்டில் ஆப் மோசடியில் பணத்தை இழந்தவர்களில் பலர் மாற்றுக் கடைக்குப் போனவர்களே அல்ல. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வந்த ஏபிகே என்ற ஆப் கோப்பைத் தொட்டவர்கள். சொன்னவன் தெரிந்தவன் என்பதால் தொட்டார்கள்; தெரிந்தவனின் போன் அதற்குள் வேறொருவன் கையில் இருந்தது. ஆண்ட்ராய்டு 8 முதல், பிற ஆப்களை நிறுவும் அனுமதியை ஒவ்வோர் ஆப்புக்கும் தனித்தனியாகத்தான் கொடுக்க முடியும். போனின் அமைப்புகளில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தேர்ந்தெடுத்த கடையைத் தவிர வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் எதற்கு எதிரே அனுமதி திறந்திருந்தாலும் இப்போதே மூடிவிடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.