துப்பாக்கியால் சுட்ட வேட்டைப் பிராணி: ஹலாலா, ஹராமா?

 

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குடியேறி வாழும் நம் ஊர்ப்பக்கத்துச் சகோதரர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே உரிமம் பெற்றவர்கள் மான் வேட்டையாடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அவரும் முறையாக உரிமம் பெற்று, உடன் வேலை செய்வோருடன் காட்டிற்குச் சென்று, பிஸ்மி சொல்லிக் கடமான் ஒன்றைச் சுட்டிருக்கிறார். சரிவில் இறங்கி அருகே போய்ச் சேர்வதற்குள் அது உயிர் விட்டுவிட்டது. இறைச்சியை வீட்டிற்குக் கொண்டுவந்து, பெருநாளையொட்டித் தெரிந்த ஆறு முஸ்லிம் வீடுகளுக்குப் பங்கு வைத்தார். அவற்றுள் ஒரு வீட்டிலிருந்த பெரியவர், "தம்பி, இது அறுத்ததா, சுட்டதா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குத் தம்மிடம் விடை இல்லாமல் போயிற்று என்றும், அன்றிலிருந்து உறக்கம் சரியாக இல்லை என்றும் எழுதுகிறார். "எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டாவைப் பயன்படுத்தினால் ஹலாலாகும்? உண்டு முடித்தவர்களிடம் நான் என்ன சொல்வது?" என்பன அவர் கேட்கும் வினாக்கள்.

இக்கடிதம் நமக்கு நம் பாட்டனாரை நினைவூட்டியது. அவர்கள் காலத்தில் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டிலிருந்தது. முயலுக்கும் கவுதாரிக்கும் போவார்களாம். துப்பாக்கியைத் துடைக்க மறந்தாலும் இடுப்புக் கத்தியைத் தீட்ட மறக்கமாட்டார்கள் என்று நம் தகப்பனார் சொல்வார்கள். வெடிச் சத்தம் அடங்குமுன் ஓடத் தொடங்கிவிடுவார்கள். போய்ச் சேர்வதற்குள் முயல் இறந்திருந்தால், அதைத் தொடாமல் திரும்பிவிடுவார்கள். "மைல் கணக்கில் நடந்து வெறுங்கையோடு வருகிறீர்களே" என்று வீட்டில் கேட்டால், "நடந்தது கால், பதில் சொல்ல வேண்டியது வயிறு அல்லவா!" என்பார்களாம். ஓதிப் பட்டம் பெற்ற பின்னரே, அந்தப் பேணுதலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சட்ட ஆய்வு இருக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொண்டோம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். திருமறையின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதா, வேட்டையை ஆகுமாக்குகிறது. அதே அத்தியாயம் தானாகச் செத்தது, கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது, முட்டப்பட்டுச் செத்தது ஆகியவற்றை ஹராமாக்குகிறது. அப்படியாயின் வேட்டையில் செத்த பிராணி எந்த வகையில் சேரும்? இதற்கான திறவுகோல் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியில் இருக்கிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வரும் ஹதீது அது. இறகில்லாத கனத்த அம்பாகிய மிஅராளைப் பற்றி அவர்கள் வினவியபோது, அது தன் முனையால் குத்தித் துளைத்துக் கொன்றதை உண்ணலாம், தன் பக்கவாட்டால் அடித்துக் கொன்றதை உண்ணக்கூடாது, அது அடிபட்டுச் செத்ததாகும் எனும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

கவனியுங்கள். கருவி ஒன்றுதான், எய்தவரும் ஒருவர்தான். ஆயினும் துளைத்துக் கொன்றால் ஹலால், மோதிக் கொன்றால் ஹராம். ஆகவே துப்பாக்கிக் குண்டு துளைக்கிறதா, மோதுகிறதா என்பதே இப்பிரச்சினையின் உயிர்நாடி.

முற்காலத்தில் வில்லில் வைத்து எறியும் களிமண் உருண்டைக்கு அரபியில் புந்துக் என்று பெயர். அதற்குக் கூர்மை இல்லை. அதன் கனமே கொல்கிறது. எனவே அதனால் செத்ததை உண்ணக்கூடாது என்பது நான்கு மத்ஹபுகளிலும் சொல்லப்பட்ட தீர்ப்பு. பின்னர் வெடிமருந்து வந்தது, ஈயக்குண்டு வந்தது. ஹனஃபி மத்ஹபின் பெரும் அறிஞரான இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 1252), ஈயக்குண்டு சுடுவதாலும் மிக வேகமான மோதலின் கனத்தாலுமே காயப்படுத்துகிறது, அதற்கு வெட்டும் கூர்மை கிடையாது, எனவே அதனால் செத்தது ஹலாலாகாது என்று தீர்ப்பளித்தார்கள். நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களும் உருண்டையால் செத்ததை ஆகுமாக்கவில்லை.

மறுபுறம், மாலிக்கி மத்ஹபின் பிற்கால அறிஞரான தர்தீர் (ரஹ்) அவர்களின் நூலில் (மறைவு ஹிஜ்ரி 1201), ஈயக்குண்டு மற்ற ஆயுதங்களைவிட வலிமையானது என்பதால் அதனால் வேட்டையாடப்பட்டதை உண்ணலாம் எனும் கருத்து இடம்பெற்றுள்ளது. யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானீ அவர்களும் (மறைவு ஹிஜ்ரி 1250), குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் அது ஹலாலே என்றார்கள். இக்கால அரபு நாட்டு அறிஞர்கள் பலரும் இக்கருத்தையே கொண்டுள்ளனர். கூர்முனை கொண்ட இக்காலத் தோட்டாக்களைப் பற்றிப் பிற்கால ஹனஃபி அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு.

இனித் துப்பாக்கிகளைப் பார்ப்போம். ரவைத் துப்பாக்கியின் தோட்டாவுக்குள் சிறு சிறு உருண்டை ரவைகள் நிறைந்திருக்கும். சுட்டவுடன் அவை விரிந்து பரவிப் பறவையின் உடலெங்கும் படுகின்றன. அவற்றுக்கு முனையுமில்லை, ஓரமுமில்லை. நம் இரு மத்ஹபுகளின்படியும் இது களிமண் உருண்டையின் இனத்தைச் சார்ந்ததே. ஆகவே இதைக்கொண்டு வாத்து, புறா, முயல் சுடுபவர், உயிருடன் பிடித்து அறுத்தாலன்றி உண்ணலாகாது. இதே துப்பாக்கியில் ஒற்றைக் கனக்குண்டு போட்டு மானைச் சுடுவதும் உண்டு. அதன் முனை மழுங்கல். அதன் வேலை கனத்தாலேயே நடக்கிறது.

ரைபிளின் குழலுக்குள்ளே திருகுவரிகள் இருப்பதால் அதன் தோட்டா சுழன்றபடி நேராகப் பாய்கிறது. முனை கூரானது. ஆகுமென்று கூறும் அறிஞர்களின் சொல் இதற்கே மிகவும் பொருந்தும். ஆனால் இங்கே நம் சகோதரர்கள் சிலர் தவறிவிடக்கூடிய ஓர் இடமுண்டு. "முனை கூராக இருப்பதுதானே சட்டம்? அப்படியானால் முழுதும் கெட்டி உலோக உறையிட்ட கூர்தோட்டாவை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று எண்ணலாம். அது பெரும் பிழை. அந்தத் தோட்டா சிறு துளையிட்டு மறுபக்கம் போய்விடும். மான் காயத்தோடு நெடுந்தூரம் ஓடி, புதரில் கிடந்து மெல்ல மெல்லச் சாகும். வேட்டைக்கென்று செய்யப்படும் தோட்டாவோ, நுழைந்தபின் முனை விரிந்து, உள்ளே அகன்ற காயம் உண்டாக்கி விரைவில் உயிரைப் போக்குகிறது. எல்லாக் காரியத்திலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்துள்ளான், அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு இலகுவாக்கட்டும் எனும் கருத்தில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது முஸ்லிம் நூலில் உள்ளது. கத்திக்குச் சொன்னது தோட்டாவுக்கும் பொருந்தாதா?

விக்டோரியாவின் சட்டம்கூட இக்கருத்தை ஒட்டியே இருக்கிறது. கடமானைச் சுட ரைபிளின் அளவு .270 அங்குலத்துக்கும், தோட்டாவின் எடை 130 கிரெய்னுக்கும், அதாவது 8.45 கிராமுக்கும் குறையக்கூடாது. சிறிய உடலுடைய புள்ளிமானுக்கு .243 அங்குலமும் 80 கிரெய்னும் போதும். அந்தக் கடமான்கள் நம் இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும், மிளா என்றும் வழங்கப்படும் அதே இனம்தான். 1860களில் கப்பலேற்றிக் கொண்டுபோய் அந்தக் காடுகளில் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். கடமான் பெரிய உடல்வாகு கொண்டது. அதைச் சிறு தோட்டாவால் சுடுவது கொல்வதன்று, வதைப்பதாகும்.

சிலர் வேறொரு வழி கூறுவர்: "சாகாதபடி காலில் சுட்டு, பிடித்து அறுத்துவிடலாமே!" சகோதரர்களே, இதைவிடக் கொடிய யோசனை வேறில்லை. கோழியை இலக்காக நிறுத்தி எய்துகொண்டிருந்தோரைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்கியோரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த செய்தியைச் சொன்னார்கள். அறுப்பதற்காகவென்று நொண்டியாக்குவதும் அந்த வதையின் வாசலேயாகும்.

அப்படியானால் செய்வதென்ன? நாம் கூறுவது இதுதான். விசையை இழுக்கும்போதே பிஸ்மி சொல்ல வேண்டும். தோட்டாவை அடைக்கும்போது சொன்னது போதாது. அம்பு எய்யும் நேரமே அதன் நேரம். சுடுபவர் முஸ்லிமாகவோ வேதக்காரராகவோ இருக்க வேண்டும். இருவர் சேர்ந்து சுட்டு, அவருள் ஒருவர் இவ்விரு சாராரில் சேராதவராயிருந்து, யார் குண்டில் செத்தது என்று தெரியாவிட்டால் உண்ணக்கூடாது. வேட்டை நாயுடன் வேறு நாய் கலந்துவிட்டால் உண்ணவேண்டாமென்று அதீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது இதற்குச் சான்று. பிராணி நீரில் விழுந்து இறந்தாலும் விட்டுவிட வேண்டும்; கொன்றது காயமா, நீரா என்று அறிய வழியில்லை.

சுட்டவுடன் தாமதமின்றி நெருங்க வேண்டும். கண் இமைக்கிறதா, கால் உதைக்கிறதா, இரத்தம் பீறிடுகிறதா என்று பாருங்கள். உயிர் இருந்தால் உடனே மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இரத்த நாளங்களும் அறுபட அறுத்துவிடுங்கள். உயிருடன் அடைந்து, அறுக்க நேரமிருந்தும் அறுக்காமல் விட்டுச் செத்தால், குண்டை ஆகுமாக்கும் அறிஞர்களிடத்திலும் அது ஹராமே. போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டதென்றால், ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளைப் பின்பற்றும் நாம் அதை உண்ணாமல் விடுவதே வழி.

மறு கருத்தைப் பின்பற்றுவோரை நாம் பழிக்கவில்லை. அவர்களுக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள், ஆதாரமும் இருக்கிறது. ஆனால் மத்ஹபைத் துப்பாக்கி தூக்குமுன் தேட வேண்டும். மான் செத்து, இறைச்சி கூறு போட்டு, சட்டி அடுப்பிலேறிய பின்னர், "எந்த இமாம் கூடும் என்கிறார்?" என்று தேடுவது மார்க்கத்தைத் தேடுவதன்று, இறைச்சிக்குச் சாட்சி தேடுவதாகும்.

துப்பாக்கியைக் கையாளும் ஒழுக்கத்தையும் மறந்துவிடலாகாது. பள்ளிவாசலில் அம்புகளோடு சென்றவரை, அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் தடுத்தார்கள். குழலை எவர் பக்கமும் திருப்பாதிருத்தல், குண்டில்லை என்று எண்ணி விளையாடாதிருத்தல், இலக்குக்குப் பின்னால் இருப்பதை அறியாமல் சுடாதிருத்தல் ஆகிய அனைத்தும் அந்த ஏவலுக்குள் அடங்கும்.

இன்னொன்று. ஈயத் தோட்டா உடலுக்குள் சிதறி, காயத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விட்டுச்செல்கிறது. ஈயம் நஞ்சு; குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் மிகவும் கேடானது. செம்புத் தோட்டாக்கள் கிடைக்கின்றன. ஈயத்தால் சுட்டதாயின் காயத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். ஹலால் என்பதோடு தூய்மையானது என்பதையும் அல்லாஹ் சேர்த்தல்லவா சொல்கிறான்!

இதைப் படிக்கும் நம் நாட்டு இளைஞர்கள் துப்பாக்கியைத் தேடிக் கிளம்பிவிடலாகாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் வந்த திருத்தமும் வேட்டையைத் தடுத்துவிட்டன. மானையோ முயலையோ கள்ளத்தனமாகச் சுட்டு, "பிஸ்மி சொன்னேன்" என்று ஆறுதல் கொள்வது வீண். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி நம் சகோதரரின் இரண்டாவது வினா. அறியாமல் உண்டவர்கள் மீது குற்றமில்லை. உங்கள் மீதும், அறியாமல் செய்ததை அறிந்த பின் திருத்திக்கொண்டால், அல்லாஹ்வின் மன்னிப்பு விரிந்ததே. ஆனால் வாய்மூடி இருப்பது கூடாது. ஆறு வீடுகளுக்கும் நீங்களே செல்லுங்கள். "நான் சுட்டேன், அறுக்குமுன் செத்துவிட்டது, நம் மத்ஹபுப்படி அது ஆகாது என்று இப்போதுதான் அறிந்தேன்" என்று சொல்லுங்கள். குளிர்பெட்டியில் மிச்சமிருப்பதை எடுத்துவிடட்டும். வெட்கமாகத்தான் இருக்கும். என்றாலும் பிறர் வீட்டுச் சட்டியில் நாம் வைத்த இறைச்சி ஓர் அமானிதம். முதலில் அந்தப் பெரியவர் வீட்டிற்குச் செல்லுங்கள். உங்களைச் சங்கடப்படுத்த அவர் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியால் உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறார். அவருக்காக துஆச் செய்யுங்கள்.

அடுத்த முறை காட்டிற்குப் போவதானால் தீட்டிய கத்தியோடு போங்கள். வெறுங்கையோடு திரும்பவும் மனத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்று தோன்றினால், கடையில் ஹலாலான இறைச்சி கிடைக்கிறது, வேட்டையை விட்டுவிடுங்கள். வேட்டையின் பின்னாலேயே அலைபவன் பராமுகமாகிவிடுவான் எனும் கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூது, திர்மிதி நூல்களில் வந்துள்ளதையும் எண்ணிப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உணவையும் நம் கைகளையும் ஹராமிலிருந்து காத்து, அறிந்ததன்படி அமல் செய்யும் நற்பேற்றை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.