முதுமையும் தோழமையும்: ஓர் அறவியல் நோக்கு

முதுமைக் காலத்தில் பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்பது எம்மவரிடையே விவாதத்திற்கு அப்பாற்பட்ட அறமாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. உணவு, உடை, உறையுள், மருந்து என்பவற்றைக் குறைவின்றி அளித்தவன் தன் கடனை ஆற்றி முடித்தவனாகவே மதிக்கப்படுகின்றான். ஆயின், இவை யாவும் கிடைக்கப்பெற்றும், தம்மை நாடி வருவோர் எவருமின்றி, தம்மால் ஆகவேண்டிய கருமம் எதுவுமின்றி நாட்களைக் கழிக்கும் முதியவர் ஒருவருக்கு நாம் மேலும் ஏதேனும் கடன்பட்டுள்ளோமா? பட்டுள்ளோமாயின் அக்கடன் எத்தகையது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எமது நாட்டிலே நாளுக்கு நாள் கூர்மையடைந்து வருகின்றது. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் குடித்தொகையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 6.6 சதவீதத்தினராக இருந்தனர். 2012ஆம் ஆண்டில் இது 12.4 சதவீதமாயிற்று. 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் பெருகிய புலப்பெயர்வு வடக்கு, கிழக்கிலே பல குடும்பங்களைக் கண்டங்களுக்கிடையே பிரித்து வைத்துள்ளது. வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் பெரிய வீட்டிலே முதியவர் ஒருவர் தனித்திருத்தல் இன்று புதுமையன்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோருவதற்கு வழி வகுத்தது. அக்கோரிக்கைகளை விசாரிக்கச் சபையொன்றையும் நிறுவியது. பணத்தை அளிக்குமாறு சட்டம் ஒருவனைப் பணிக்கலாம். நண்பனாக இருக்குமாறு எந்தச் சட்டமும் எவரையும் பணித்தல் இயலாது. பராமரிப்பு வேறு, தோழமை வேறு என்பதைச் சட்டத்தின் எல்லையே எமக்கு உணர்த்தி நிற்கின்றது.

இவ்வேறுபாட்டைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்குப் புறநானூற்றின் இரு பாடல்கள் சான்று பகர்கின்றன. தொடித்தலை விழுத்தண்டினார் பாடியதாக வரும் 243ஆம் பாடலிலே, கோலூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே பேசும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். அவர் நினைவில் எழுவது உடல் வலிமை மாத்திரமன்று. வஞ்சம் அறியாத தோழரோடு கூடி நீராடிய பொழுதுகளும் ஆகும். 191ஆம் பாடலிலோ, ஆண்டுகள் பல கடந்தும் நரையில்லாதிருப்பது எங்ஙனம் என்ற வினாவிற்குப் பிசிராந்தையார் விடையிறுக்கின்றார். மனைவி மக்களின் சிறப்பும், ஏவலரின் இயல்பும், அரசனின் செங்கோன்மையும் அவர் கூறும் காரணங்கள். இவை யாவற்றிற்கும் மேலாகத் தம் ஊரிலே அடக்கமுடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்று கூறி அவர் முடிக்கின்றார். முன்னவர் இழந்ததும் பின்னவர் பெற்றிருந்ததும் உள்ளம் ஒத்தோரின் கூட்டமே. வீட்டின் சிறப்பு முதுமைக்கு இன்றியமையாதது. எனினும் அது மட்டும் போதாது, ஊரும் வேண்டும் என்பது பிசிராந்தையார் கருத்தெனக் கொள்ளலாம்.

மேனாட்டிலே முதுமையைத் தனிப்பொருளாகக் கொண்டு எழுந்த நூல்களுள் பெரும்புகழ் பெற்றது உரோம அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதியதாகும். முதுமைக்கு எதிராகச் சொல்லப்படும் நான்கு குற்றச்சாட்டுகளை அவர் எடுத்து ஆராய்கின்றார்: அது மனிதனைச் செயலிலிருந்து விலக்குகின்றது, உடலை மெலிவிக்கின்றது, இன்பங்களைப் பறிக்கின்றது, மரணத்திற்கு அண்மையில் உள்ளது. இவற்றிற்கு விடை கூறுபவராக 84 வயதுடைய கேட்டோவை அவர் படைத்துள்ளார். பெருங்கருமங்கள் உடல் வலிமையால் அன்றி அறிவாலும் அனுபவத்தாலும் ஆற்றப்படுவன என்பதும், வேளாண்மையும் கல்வியும் நண்பரோடு உரையாடலும் முதுமைக்கு ஏற்றவை என்பதும் கேட்டோவின் வாதம். வாதம் நன்றே. ஆயின் கேட்டோ நிலமும் பதவியும் உடையவர். அவரது நிலத்திலே வியர்வை சிந்தியோர் அடிமைகள். அவ்வடிமைகளின் முதுமை பற்றி நூல் பேசவில்லை. முதுமையின் இனிமை தனிமனிதனின் மனப்பாங்கை மாத்திரம் சார்ந்ததன்று, அவன் சமூகத்தில் பெற்றுள்ள இடத்தையும் சார்ந்தது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்விவாதம் சமூகவியலாளரிடையே வேறு வடிவில் எழுந்தது. 1961ஆம் ஆண்டில் எலேன் கம்மிங், வில்லியம் ஹென்றி ஆகிய இருவரும் விலகற் கோட்பாட்டினை முன்வைத்தனர். முதியோர் சமூகத்திலிருந்தும், சமூகம் முதியோரிடமிருந்தும் படிப்படியாக விலகிக்கொள்ளல் இயல்பானது, இரு தரப்பினர்க்கும் ஏற்புடையது என்பது அதன் சாரம். இதற்கு மாறாக, செயலும் உறவும் தொடருமிடத்தே முதுமை நிறைவு பெறுகின்றது என்ற கருத்தை றொபேட் ஹவிகர்ஸ்ட் போன்றோர் வலியுறுத்தினர். 1970ஆம் ஆண்டில் முதுமை பற்றிய தமது பெருநூலை வெளியிட்ட சிமோன் டி போவுவா, வாழ்வுக்குப் பொருள் தரும் நோக்கங்களை, அவை மனிதர் மீதோ பணி மீதோ இலட்சியத்தின் மீதோ கொண்ட ஈடுபாடாயினும், இறுதிவரை தொடர்தல் வேண்டும் என்றார். அவ்வாறு தொடர இயலாதவாறு மனிதரைத் தேய்த்துவிடும் சமூக அமைப்பையும் அவர் கண்டித்தார். விலகல் இயல்பானது என்று கூறுமுன், விலகியவர் தாமாக விலகினரா, விலக்கப்பட்டனரா என்று வினவுதல் வேண்டும்.

இங்கு தோழமையின் இயல்பைச் சற்று நோக்குதல் தகும். அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளிலே நட்பினைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்குணம் கருதியது என மூவகைப்படுத்துவர். முதியோரிடையே காணப்படுவது பெரும்பாலும் பயன் கருதிய நட்பே என்றும் அவர் கூறுவர். இக்கூற்று முதியோருக்கு நீதி செய்வதாகத் தோன்றவில்லை. தேவை மிகுந்தவனாக ஒருவனை ஆக்கிவிட்டு, அவன் பயனையே நாடுகின்றான் என்று குறை கூறுதல் முறையாகாது. எனினும் நட்பிலே ஒருவகைச் சமத்துவம் வேண்டும், நண்பர் கூடிச் செயலாற்றுதல் வேண்டும் என்னும் அவரது கருத்துக்கள் எமக்குப் பெரிதும் பயன்படுவன. எப்பொழுதும் ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் பெறுபவராகவும் இருக்குமிடத்து இரக்கம் பிறக்கலாம், நன்றியும் பிறக்கலாம், தோழமை பிறத்தல் அரிது.

எமது இல்லங்களிலே நிகழ்வதை இதன் ஒளியிற் காண்க. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க எழும் முதியவரைத் தடுத்து, "அப்பு, நீங்கள் சும்மா இருங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்கிறோம். சொல்பவரின் உள்ளத்திலே அன்பே உண்டு. ஆயினும் தோட்டம் போய், சந்தை போய், கோயிற் கணக்குப் போய், ஈற்றில் அவரிடம் எவரும் எதையும் கேட்க வேண்டாத நிலை வந்துவிடுகின்றது. தோட்டத்தோடு அயல் தோட்டக்காரரின் பேச்சும், சந்தையோடு வழிநெடுகக் கிடைத்த குசலமும் போய்விடுகின்றன. உறவுகள் கருமங்களிற் படர்ந்து நிற்பவை. கொழுகொம்பை அகற்றிவிட்டுக் கொடி வாடுவதேன் என்று நாம் வியக்கிறோம்.

இளைப்பாறிய எழுதுவினைஞரும் ஆசிரியரும் வாசிகசாலையிலும் சனசமூக நிலையத்திலும் கூடிப் பத்திரிகை படித்து விவாதிக்கும் வழக்கம் எமது கிராமங்களுக்குரியது. ஆனால் இவ்வாய்ப்புப் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியதாயிற்று. பெண்ணுக்கோ இளைப்பாறும் வயது என ஒன்று இல்லை. மகள் வேலைக்குச் செல்லப் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவளும், மலையகத்து லயத்திலே கொழுந்து பறித்த காலம் முடிந்த பின்னும் அடுப்படியை விட்டகலாதவளும் அவளே. அவளை நோக்கி, முதுமையிற் செயலாற்றுக என்று உபதேசித்தல் நகைப்புக்கிடமானது. ஆதலின் செயல் என்பதை உழைப்பினின்றும் வேறுபடுத்துதல் அவசியம். வறுமையாலோ குடும்பத்தாலோ சுமத்தப்படுவது உழைப்பு. தான் விரும்பி, தன்னையொத்த பிறரோடு கூடி, தன் அறிவுக்கு மதிப்புக் கிடைக்குமாறு ஆற்றுவது செயல். முதிய ஆணுக்குச் செயல் மறுக்கப்படுகின்றது. முதிய பெண்ணுக்கு ஓய்வும் தோழமையும் சேர்ந்தே மறுக்கப்படுகின்றன. இரண்டும் அநீதியே.

நோயுற்றுப் படுக்கையிற் கிடப்பவர் செயலாற்றுவது எங்ஙனம் என்று வினவலாம். செயலை உடலசைவு என்று மட்டும் கொள்வோர்க்கே இவ்வினா தடையாகும். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைக்கும் முறையைப் படுக்கையில் உள்ள பாட்டியிடம் கேட்டறியும் பெண், பாட்டிக்குப் பணிவிடை செய்பவளாக மாத்திரம் அன்றி, அவளிடம் பெறுபவளாகவும் ஆகின்றாள். அக்கணத்தில் இருவரும் சமமாகின்றனர். இனி, தனித்திருந்து இறைவனைச் சிந்திக்கவோ அமைதியாக இருக்கவோ விரும்பும் முதியோரும் உளர். அவர் விருப்பம் மதிக்கப்படல் வேண்டும். தாமே தேர்ந்த தனிமை வேறு, பிறர் விட்டுச்சென்ற தனிமை வேறு.

இதற்கு முன்மாதிரி தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கூத்துக்களரியிலே அண்ணாவியாரின் வயது குறையாகக் கருதப்படுவதில்லை. அவர் நினைவிலுள்ள பாட்டும் தாளமும் இன்றி இளைஞர் ஆட முடியாது, இளைஞரின் கால்கள் இன்றி அவர் கலை நடவாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனையில் மட்டக்களப்புக் கூத்துக்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, அண்ணாவிமாரின் அறிவே அம்முயற்சிக்கு அடிப்படையாயிற்று. பிரான்சின் துலூஸ் நகரிலே 1973ஆம் ஆண்டில் முதியோருக்கான பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் பிரித்தானியாவிலே பீற்றர் லாஸ்லெற் முதலியோர் அதனை வேறொரு முறையில் அமைத்தனர். அங்கு ஊதியம் பெறும் ஆசிரியர் இல்லை. முதியோரே ஒருவருக்கொருவர் கற்பித்துக் கற்கின்றனர். இரண்டிடத்தும் அடிப்படை ஒன்றே: முதியவர் தேவைப்படுகின்றார்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும். பராமரிப்புக்கு அப்பாலும் நாம் கடன்பட்டுள்ளோம். தோழமையை எவரும் எவருக்கும் வழங்கிவிட முடியாதாகையால், அது முளைப்பதற்கான இடத்தை விட்டுவைப்பதே அக்கடன். கொடுக்கும் உரிமையை முதியோரிடமிருந்து பறியாதிருத்தல் அதன் முதற்படி. பெண்களும் கூடத்தக்க பொது இடங்களை ஊர்தோறும் அமைத்தல் அடுத்த படி. கிராமியக் கலைகளையும் வழக்காறுகளையும் தேடிக் களஆய்வுக்குச் செல்லும் கலைப்பீட மாணவர்க்கு இதிலே தனிப்பொறுப்பு உண்டு. முதியவரைத் தகவல் தருபவராக மாத்திரம் கண்டு குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினால், அரிஸ்டோட்டில் கூறிய பயன் கருதிய நட்பு எம்முடையதாகுமேயன்றி அவருடையதாகாது. எழுதியதை எடுத்துச் சென்று அவரிடமே படித்துக் காட்டி, பிழை திருத்துமாறு கேட்போமாயின், அவர் மீண்டும் ஒரு கருமத்திற்குரியவராவார். அடுத்த முறை நாம் செல்லும்போது வாயிலைப் பார்த்திருக்க அவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.