அன்னதானமும் அரசாங்கச் சட்டமும்



தனக்கு நோவு தருவதைப் பிறருக்குச் செய்யாதே, தனக்கு வேண்டும் நன்மையைப் பிறருக்கும் செய் என்ற நெறியை எல்லாச் சமயங்களும் ஏதோ ஒரு வடிவில் போதிக்கின்றன. சீனத்து ஞானி கன்பூசியசும் யேசுநாதரும் இதைக் கூறினர். வள்ளுவப் பெருந்தகை ‘இன்னா செய்யாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அன்னதானம் இந்நெறியின் செயல் வடிவம். பசி என்னவென்று எனக்குத் தெரியும், ஆகவே உன் பசியை ஆற்றுகிறேன் என்பதே அதன் பொருள்.

ஆனால் இந்நாட்டில் அன்னதானப் பணி செய்வோர் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. ஆண்டவன் பெயரால் இலவசமாகக் கொடுக்கும் சோற்றுக்குப் பதிவும் படிவமும் பரிசோதனையும் எதற்கு? அன்பினால் செய்வதை அரசாங்கம் கட்டாயத்தினால் கெடுக்கவில்லையா?

சட்டம் கேட்பது இதுதான். பணம் வாங்காவிட்டாலும், ஒழுங்காகத் தொடர்ந்து உணவு வழங்கும் இடம் உள்ளூராட்சி சபையில் பதிவு செய்யவேண்டும். இல்ஃபோர்டில் வாழும் எமக்கு அது ரெட்பிரிட்ஜ் சபை. சூடாகப் பரிமாறும் உணவைப் பொதுவாக 63 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும். ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களில் எவை உணவில் உள்ளன என்று அறியத் தரவேண்டும்.

சட்டம் என்றதும் எம்மவர் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் கூடுதல் புள்ளி பெறவேண்டும் என்றது. அவற்றை இயற்றியவர்கள் தம் பிள்ளைகளுக்கு அப்படியொரு விதியை ஏற்றிருப்பார்களா? மாட்டார்கள். பிழை அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒரு விதி நியாயமானதா என்று பார்க்க, அதை இயற்றியவர் அதற்குக் கீழ்ப்படிவோரின் இடத்தில் நின்றாலும் அதை ஏற்பாரா என்று கேட்டால் போதும்.

உணவுச் சட்டத்தை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். நட்சத்திர ஹோட்டலுக்கும் மடப்பள்ளிக்கும் அடிப்படை விதி ஒன்றே. சட்டம் இயற்றியவரின் பிள்ளையும் அதே விதியின் பாதுகாப்பில்தான் வெளியில் சாப்பிடுகிறது. இதில் ஓரவஞ்சனை இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிறரைத் தன்னைப்போல் எண்ணு என்ற நெறிக்கு ஒரு குறையுள்ளது. எனக்குப் பிடித்தது உனக்கும் நல்லது என்று அது எம்மை நினைக்க வைத்துவிடும். புரட்டாதிச் சனியில் எள்ளெண்ணெய் எரித்து, எள்ளுச் சாதம் படைக்கிறோம். எமக்கு அது பிரசாதம். ஆனால் 2016 ஆம் ஆண்டு ஜூலையில், நடாஷா எட்னன்-லபரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி, லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய பாண் ஒன்றில் எள் கலந்திருப்பதை அறியாமல் உண்டு உயிரிழந்தாள். கடையிலேயே தயாரித்துப் பொதிசெய்த உணவுக்கு முழுப் பட்டியல் ஒட்டவேண்டும் என்று அன்றைய சட்டம் கேட்கவில்லை. பெற்றோர் தளராமல் போராடினர். 2021 ஒக்டோபர் முதலாம் திகதி அவள் பெயரால் அழைக்கப்படும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமக்கு நேர்ந்தது வேறெந்தப் பெற்றோருக்கும் நேரக்கூடாது என்று அவர்கள் எண்ணினார்கள். நாம் பேசும் நெறியும் இதுவே அல்லவா?

ஊரில் எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது என்று சமைப்பவருக்குத் தெரியும். இங்கே பந்தியில் இருப்பவர் யாரென்றே எமக்குத் தெரியாது. அந்த அறியாமையைச் சட்டம் ஓரளவு நிரப்புகிறது. முகமறியாத ஒருவருக்குச் செய்யும் உபசாரமாக அந்தப் படிவத்தை நாம் ஏன் எண்ணக்கூடாது?

அதற்காகச் சட்டமே தர்மம் ஆகிவிடாது. அடுப்பின் சூட்டை அது அளக்கலாம், பரிமாறுபவரின் மனத்தை அளக்க முடியாது. அன்னதானம் செய் என்று எந்தச் சட்டமும் எவரையும் வற்புறுத்தவில்லை. கொடுப்பது இன்றும் எம் விருப்பமே. ஒரு விதி தொண்டர்களுக்குப் பொருத்தமற்ற சுமையாக இருந்தால் வாய்மூடி இருக்கவும் தேவையில்லை. உணவு விதிகளை மாற்றுமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. அப்போது எழுதித் தெரிவிப்பது எம் கடமை. விதி செய்பவர் எம் சொல்லுக்குச் செவிசாய்க்கவேண்டும், நாம் அவர் விதியை மதிக்கவேண்டும். பரஸ்பரம் என்பது இரு வழிப் பாதை.

உபயகாரர்கள் பொருட்களைக் கொண்டுவரும்போது பைக்கற்றுகளை உறையோடு கொடுத்தால், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைத் தொண்டர்கள் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பொதி கட்டிக் கொடுக்கும் பிரசாதத்தில் எள், கச்சான், முந்திரிப்பருப்பு, பால் சேர்ந்திருந்தால் எழுதி ஒட்டலாம். பரிமாறுவோர், “உங்களுக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். சட்டம் இருப்பதால் மட்டும் கேட்காமல், உண்பவரும் எம்மைப்போல் ஓர் உயிர் என்பதால் கேட்போம்.

எல்லோரும் இன்புற்றிருக்க இறைவன் அருள்பாலிப்பாராக.