பின்விளக்கும் அறக்கடமையும்: ஒரு நோக்கு

அறக்கடமை பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அரிய செயல்களையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. வாய்மைக்காக நாட்டை இழத்தல், பிறர் உயிருக்காகத் தன்னுயிர் ஈதல் என்பன அவற்றுட் சில. ஆயின், மனிதன் அன்றாடம் செய்தும் செய்யாதும் விடும் சிறு காரியங்களிலேயே அறத்தின் இயல்பு சிலவேளை தெளிவாகப் புலப்படுகின்றது. பழைய மோட்டார் வண்டியொன்றின் பின்விளக்கைப் பழுதின்றி வைத்திருத்தல் அத்தகையதொரு காரியமாகும். தன் கண்ணுக்குப் புலப்படாத தன் குறைக்கு ஒருவன் பொறுப்பாளியாவானா என்பதே அது எழுப்பும் வினா.

வண்டியின் முன்விளக்கு ஓட்டுபவனுக்கு வழி காட்டுகின்றது. அது அணையுமாயின் அக்கணமே அவன் அதனை அறிவான். தன்னலமே அவனைத் திருத்தத் தூண்டும். பின்விளக்கோ அவனுக்கு ஒரு முழ வழியையேனும் காட்டுவதில்லை. முன்பின் அறியாத ஒருவனுக்கு, ‘இங்கே ஒரு வண்டி செல்கின்றது’ என அறிவிப்பதே அதன் தொழில். பின்னிருந்து மோதப்படாமல் உரியவனையும் அது காக்கின்றதே எனலாம். அது உண்மையே. ஆயினும் அந்நன்மை பிறனுடைய கண்வழியாகவே அவனை வந்தடைகின்றது. அது அணைந்தமையை முதலில் அறிபவனும் அந்தப் பிறனே.

இவ்வினாவின் கனத்தை உணர்வதற்கு வாகரைப் பகுதி பொருத்தமான களமாக அமைகின்றது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் ஏ 15 வீதி வாழைச்சேனையைக் கடந்து, காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி ஆகிய ஊர்களின் வழியே வாகரையை அடைந்து, கதிரவெளியூடாக வெருகலை நோக்கிச் செல்கின்றது. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் பற்றைக்காடுமாக நீளும் வழி அது. முற்காலத்தில் இத்தகைய வழிகளிற் சென்ற மாட்டுவண்டிகளின் அடியில் அரிக்கன் இலாம்பு தொங்கும். மாட்டின் நடைக்கு அவ்வொளி போதுமாயிருந்தது. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பாலங்களும் வீதியும் சீர்பெற்றமையால் வண்டிகளின் வேகமும் பெருகிற்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் செல்லும். முன்னால் உள்ளதைக் கண்டு, உணர்ந்து, பிறேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகுமெனின், மிதிக்கு முன்னரே 25 மீற்றர் கடந்துவிடும். நிலவற்ற இரவில் அந்த 25 மீற்றருக்கு முன்னதாகவே எச்சரிப்பது செந்நிறப் புள்ளியொன்றே.

இனி, பழைய வண்டிகளில் அப்புள்ளி எவ்வாறு கெடுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். இவ்வண்டிகள் பலவற்றின் பின்விளக்கில் 12 உவோற்று மின்குமிழொன்று இரண்டு இழைகளோடு இருக்கும். 5 உவாற்று இழை இரவு முழுவதும் மங்கலாக எரியும். 21 உவாற்று இழை பிறேக்கை மிதிக்கும்போது மட்டும் பிரகாசிக்கும். குமிழ் தலைகீழாகப் பொருந்தாதிருக்க அதன் அடியிலுள்ள இரு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருக்கும். கடற்காற்றின் உப்பு இக்குமிழின் தாங்கியில் பச்சைக் களிம்பாகப் படிகின்றது. வண்டியின் உடல் இரும்பே மின்னோட்டம் திரும்பும் வழியாதலின், துருவேறிய இடத்திற் புவித்தொடுப்பு அறுகின்றது. அவ்வாறு அறுந்தால், மின்னோட்டம் வேறொரு குமிழின் வழியே திரும்ப முயலும்; பிறேக்கை மிதிக்கையில் எரியவேண்டியது எரியாது, எரியவேண்டாதது மினுங்கும். தேய்ந்த தாங்கியிற் குமிழ் மாறிப் பொருந்துமாயின் வலிய இழையே ஓயாது எரிந்து, வண்டி நிற்கப்போவதை மறைத்துவிடும். வெயிலில் வெளிறிய சிவப்பு மூடியோ வெள்ளொளியைக் கசியவிட்டு, செல்லும் வண்டியை எதிரே வரும் வண்டியாகக் காட்டக்கூடும்.

ஆகவே பின்விளக்கின் குறை இருவகைப்படும். ஒன்று பேசாதிருத்தல், மற்றையது பொய் பேசுதல். முதலாவதைக் காட்டிலும் இரண்டாவது கொடிது. இருளைக் கண்டவன் ஐயுற்று வேகத்தைக் குறைக்கலாம். பொய்யொளியைக் கண்டவனோ அதனை நம்பியே கெடுவான். எரிகின்றது என்பதனால் மட்டும் விளக்கு தன் கடமையைச் செய்ததாகாது.

இவ்விடத்தில், அறியாமற் செய்த பிழைக்குத் தண்டனை தகுமா என்ற பழைய விவாதம் எழுகின்றது. அரிஸ்ரோட்டில் தமது நிக்கொமேக்கிய அறவியலின் மூன்றாம் நூலில், அறியாமைக்கு ஒருவன் தானே காரணமாயின் அவ்வறியாமை அவனைக் காக்காது என வாதிக்கின்றார். ஆங்கிலக் கணிதவியலாளர் வில்லியம் கிங்டன் கிளிபர்ட் 1877ஆம் ஆண்டில் நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கப்பற்காரனைக் காட்டுகின்றார். தன் பழைய கப்பலைப் பற்றி எழுந்த ஐயங்களை அவன் தானே அடக்கி, நல்ல கப்பலென மனமார நம்பி, பயணிகளை ஏற்றி அனுப்புகின்றான். கப்பல் மூழ்குகின்றது. அவனது நம்பிக்கை மெய்யானதே. ஆயினும் அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்பது கிளிபர்ட்டின் தீர்ப்பு. கப்பல் தப்பிக் கரைசேர்ந்திருப்பினும் அவன் குற்றம் குறைந்திராது என்கின்றார் அவர்.

பின்விளக்கின் நிலை இதனினும் நுட்பமானது. கப்பற்காரன் ஐயத்தை அடக்கினான்; வண்டிக்காரனுக்கோ ஐயமே தோன்றாதிருக்கலாம். அவன் குற்றமற்றவன் ஆவானா? ஆகான் எனலே பொருந்தும். பொருள் பழையதாதலே ஐயுறுதற்குப் போதிய காரணமாகும். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதை அறியாதார் கடற்கரையில் இல்லை. பொதுவாக அறிந்த ஒன்றைத் தன் பொருளில் மட்டும் அறியாதிருத்தல் அறியாமையன்று, பாராமை.

இதற்கு வறுமையைக் காரணங் காட்டுவோர் உளர். அக்கூற்றை இலேசாகத் தள்ளிவிடுதல் ஆகாது. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரையிலும், இலங்கையிற் பழைய வண்டியைப் பேணுதல் பலருக்கு விருப்பமன்று, தேவையாயிருந்தது. மொறிஸ் மைனருக்கோ ஒஸ்ரினுக்கோ அதே அச்சான மூடி எளிதிற் கிடைப்பதுமில்லை. ஆனால் தாங்கியை அரத்தாளாற் சுரண்டுவதற்கும், புவித்தொடுப்புக்குத் தனிக் கம்பி இழுப்பதற்கும், நீர் புகாதிருக்க இறப்பர் வளையம் இடுவதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. மூடி கிடையாதவிடத்து வேறொரு வண்டியின் விளக்கைப் பொருத்தலாம். பழமையின் அழகு குலையுமே எனக் கலங்குவோர், அவ்வழகைப் பகலிற் காண்பவர் தாம் என்பதையும், இரவில் அவ்விளக்கை நம்புபவர் பிறர் என்பதையும் எண்ணிப்பார்த்தல் நன்று. செயலாமை குற்றமன்று, செயலக்கூடியதைச் செய்யாமையே குற்றம்.

எனினும், எத்துணைக் கவனமுடையவனும் ஓடும்போது தன் பின்விளக்கைத் தானே பார்த்தல் இயலாது. புறப்படுமுன் சுவரருகே பின்புறமாக நிறுத்தி, பிறேக்கை மிதித்து, சுவரிற் படியும் செந்நிறத்தைக் கண்ணாடியிற் பார்க்கலாம். அதன்பின் வழியிலே அணைந்தால், பின்வருபவன் சொன்னாலன்றி வழியில்லை. ஆதலின் இக்கடமை இருவருக்கு உரியது. காண்பவன் சொல்லுதல் வேண்டும். சொல்லப்பட்டவன் சினவாது கேட்டல் வேண்டும். முந்திச் சென்று சைகை காட்டும் மோட்டார் சைக்கிள்காரன் ஓட்டுபவனை இகழவில்லை. அவன் பெறமுடியாத ஓர் அறிவை அவனுக்கு ஈகின்றான். மனிதரின் குணக்குறைகளுட் பலவும் இத்தகையனவே. உரியவன் நல்லெண்ணத்தோடு முன்னோக்கிச் செல்ல, அவன் குறையைப் பின்னால் வருபவர் சுமக்கின்றனர்.

வாகரை மண்ணில் இக்கருத்துக்கு வேறொரு பொருளும் உண்டு. 2006ஆம் ஆண்டிலும் 2007 ஜனவரியிலும் அப்பகுதி கடும்போரைக் கண்டது. இரவில் ஒளி இலக்காகிவிடலாம் என அஞ்சவேண்டிய காலத்தில், பிறர் கண்ணிற் படாதிருத்தலே உயிர்க்காப்பு. அமைதிக் காலத்திலோ கண்ணிற் படுதலே உயிர்க்காப்பு. பின்னால் வருபவன் பகைவனல்லன் என்ற நம்பிக்கை இன்றேல், எவரும் தம் முதுகில் விளக்கேற்றிச் செல்லார்.

வள்ளுவர் தம் அதிகாரமொன்றுக்கு ‘ஒப்புரவறிதல்’ எனப் பெயர் வைத்தார். ‘ஒப்புரவு செய்தல்’ என்றிலர். பிறரோடு ஒத்து வாழ்வதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிதலும் வேண்டும் என அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் விளக்கைப் பற்றி ஆணையிடலாம். பொலிசார் தண்டமும் விதிக்கலாம். பொலிசாரற்ற பனிச்சங்கேணி இருளில், வண்டியை நிறுத்தி இறங்கி, பின்னே சென்று பார்ப்பவனை இறக்குவது சட்டமன்று. அவன் பின்னே நடக்கும் அந்த நாலடியே அறம்.