கார்பைடு பிட்டும் பூனைக்குட்டியும்

உயிர் கரையேற அது தன் பங்குக்கு ஏதாவது செய்தாக வேண்டுமா? குரங்குக்குட்டி தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுபோல நாமும் இறைவனைப் பற்ற வேண்டும் என்பார்கள் வைணவரில் வடகலையார். பூனைக்குட்டி சும்மா இருக்கிறது, தாயல்லவா கவ்விக்கொண்டு போகிறது என்பார்கள் தென்கலையார். அப்பா தென்கலை; அம்மா பிறந்த வீடு வடகலை. சாப்பாட்டு வேளையில் கேட்டே வளர்ந்த வழக்கு இது. எனக்கு அது உறைத்தது துளைபோடும் ஸ்டாண்டின் முன்னால்.

சர்க்யூட் போர்டுகளை வீட்டிலேயே செய்கிறேன். பெர்ரிக் குளோரைடில் அரித்து, கழுவித் துடைத்த பிறகுதான் உண்மையான வேலை. ஐ.சி. கால்களுக்கு 0.8 மி.மீ. துளை, 4007 டையோடுக்கு 1 மி.மீ. ஐ.சி.யின் அடுத்தடுத்த கால்களுக்கு நடுவே 2.54 மி.மீ.தான் இடம். கண்ணாடி இழை போர்டில் சாதாரண ஸ்டீல் பிட் சீக்கிரமே மழுங்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடு எளிதில் மழுங்காது, ஆனால் வளையவும் வளையாது. கையில் பிடித்த டிரில்லில் மாட்டினால் மணிக்கட்டின் சின்னச் சாய்வுக்கே படக்கென்று ஒடிந்துவிடும்.

அதனால்தான் டிரில்லை நேராகப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்டு. அடியில் ஒரு மரத்துண்டு, அதன்மேல் போர்டு. ஒவ்வொரு செப்பு வட்டத்தின் நடுவிலும் செம்பு அரிபட்டு ஒரு சிறு பள்ளம் இருக்கும். போர்டை அழுத்திப் பிடிக்காமல் விரலால் லேசாக அணைத்துக்கொண்டு கைப்பிடியை இறக்கினால், பிட் முனை அந்தப் பள்ளத்தில் தானே போய் உட்காரும். நேராக்குகிறேன் என்று நாம் போர்டை இழுத்தால் போயிற்று.

தென்கலையாரின் வாதமும் இதுதான். பிள்ளை லோகாசாரியார் வழியில் வந்த அவர்கள் உயிரிடம் எதிர்பார்ப்பது விலக்காமை ஒன்றைத்தான். இறைவன் காக்க வரும்போது தடுக்காமல் இருந்தால் போதும். 'அப்படியானால் கைப்பிடியை யார் இறக்குவது?' என்று அம்மா வீட்டார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்களுடைய ஆசாரியரான வேதாந்த தேசிகரும் சரணாகதியை அருளுக்கு விலையாகச் சொல்லவில்லை, ஒரு வியாஜமாக, அதாவது வெறும் சாக்காகத்தான் சொன்னார்.

கைப்பிடியை யார் இறக்குவது என்ற கேள்விக்கு விடையை நான் லோகாசாரியாரின் வாழ்க்கையில் பார்க்கிறேன். 1323 வாக்கில் திருவரங்கத்தின்மேல் படை வந்தபோது, தள்ளாத வயதில் அங்குள்ள உற்சவமூர்த்தியான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே போனவர் அவர் என்கிறது குருபரம்பரை. வழியிலேயே ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். நம் முயற்சி நம்மைக் காக்காது என்று எழுதியவர் சும்மா இருக்கவில்லையே! அந்த நடை அவருக்குக் கைங்கரியம். மோட்சத்துக்குக் கட்டிய கூலி அல்ல.

ஸ்டாண்டுக்குக் கருணை கிடையாது. உவமை அந்த இடத்தில் நின்றுவிடும். ஆனாலும் கைப்பிடியை இறக்குவது என் வேலை, துளை நேராக விழுவது என் சாமர்த்தியம் அல்ல என்பது எனக்குத் தெளிவு. இந்த வழக்கில் நான் அப்பா பக்கம்தான்.