யாரும் தடுக்காத கோபம்

1978 டிசம்பர் 29 இரவு. ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் கேட்டர் பௌல் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. க்ளெம்சன் அணி 17, ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி 15. பந்து ஓஹையோவிடம் இருந்தது. இருந்த இடத்திலிருந்தே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்திருந்தால்கூட மூன்று புள்ளி கிடைத்து முந்தியிருப்பார்கள். முதலாண்டு மாணவர் ஆர்ட் ஷ்லிக்டர் பந்தை வீசினார். அது எதிரணியின் சார்லி பாமன் கையில் சிக்கியது. பந்தோடு ஓடிய பாமனை எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள். அவர் போய் விழுந்தது ஓஹையோ அணியினர் நின்றிருந்த பக்கம். எழுந்தவரைப் பிடித்துக் கழுத்துப் பக்கமாகக் குத்தினார் ஓஹையோவின் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ். அவருக்கு அப்போது வயது 65. குத்து வாங்கியவர் கல்லூரியில் படிக்கும் பையன்.

மறுநாள் ஹேய்ஸுக்கு வேலை போயிற்று.

28 பருவங்கள் அந்த அணியை நடத்தியவர் அவர். 205 வெற்றிகள், பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் 13 பட்டங்கள், 5 தேசியப் பட்டங்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சிறந்த வீரருக்குத் தரப்படும் ஹெய்ஸ்மன் விருதை இரண்டு முறை வாங்கிய ஒரே ஆளான ஆர்ச்சி கிரிஃபின், 1974, 1975 ஆண்டுகளில், இவரிடம் ஆடியவர்தான். இத்தனையும் ஒரு குத்தில் போய்விட்டதே என்று அன்றைக்கே பலர் வருந்தினார்கள். ஒரு நொடியை வைத்து ஒரு மனிதரின் வாழ்நாளை எடைபோடலாமா என்ற கேள்வியும் அப்போதிலிருந்து அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த நொடி ஒற்றை நொடிதானா?

வுடி ஹேய்ஸை வெறும் முரடர் என்று ஒதுக்க முடியாது. 1913இல் ஓஹையோவின் கிளிஃப்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் கப்பல் நடத்தினார். சரித்திரம் என்றால் உயிர்; ராணுவ வரலாற்றைப் பாடம்போல ஒப்பிப்பார். அணிக்கு வரும் முதலாண்டு மாணவர்களை உட்கார வைத்து ஆங்கிலச் சொற்களைத் தானே கற்றுக்கொடுத்தார். பட்டம் வாங்காமல் போன பழைய வீரர்களை விடாமல் நச்சரித்துத் திரும்பப் படிக்க வைத்தார். ஊரில் முன்பின் தெரியாத நோயாளிகளைக்கூட ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பார், அதுவும் யாருக்கும் சொல்லாமல். வியட்நாம் போரின்போது அங்கே போய்ச் சிப்பாய்களைச் சந்தித்து, ஊர் திரும்பியதும் அவர்களின் பெற்றோருக்கு ஃபோன் செய்து, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சொன்னார். சம்பள உயர்வு கொடுத்தபோது வேண்டாம் என்று மறுத்தவர். கஷ்டப்பட்ட வீரர்களுக்குத் தன் கைக்காசைக் கடனாகக் கொடுத்ததைப் பத்திரிகையில் அவரே ஒளிக்காமல் சொல்லப்போய், விதிமீறல் என்று 1956இல் அணிக்கு ஓராண்டுத் தண்டனை வந்தது. அந்த விதிமீறலுக்குக் காரணம் இரக்கம்தான்.

அவருடைய ஆட்டமும் அவரைப் போலவே. காற்றில் பந்து வீசுவதை நம்ப மாட்டார். பந்தை இறுகப் பிடித்துக்கொண்டு எதிராளிகளின் நடுவே முட்டி மோதிப் போக வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று கஜம், கூடவே ஒரு புழுதி மேகம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1968இல் இந்த முறை உச்சத்தைத் தொட்டது. பரம எதிரி மிஷிகன் பல்கலைக்கழக அணியை 50-14 என்று நொறுக்கி, தேசியப் பட்டத்தையும் வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டே மிஷிகனுக்கு ஒரு புதிய பயிற்சியாளர் வந்தார். பெயர் போ ஷெம்பெக்லர். மாணவராக ஹேய்ஸிடம் ஆடியவர், பிறகு அவருக்கே உதவியாளராக இருந்தவர். குருவின் வித்தை அத்தனையும் அவருக்கு அத்துப்படி. 1969இல் 24-12 என்று குருவைத் தோற்கடித்தார். அதிலிருந்து 1978 வரை இருவரும் மோதிய பத்து ஆட்டங்களைப் பத்தாண்டுப் போர் என்றே ரசிகர்கள் சொல்கிறார்கள். சீடர் ஐந்து ஜெயித்தார், குரு நான்கு, ஒன்று சமன். கடைசி மூன்றிலும் ஹேய்ஸுக்குத் தோல்வி. அந்த மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து அவருடைய அணி ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. 1974இலேயே மாரடைப்பு கண்டவர். உடம்பு தளர, காலம் மாற, ஆட்டமும் கைநழுவிக்கொண்டிருந்தது.

கோபம் மட்டும் தளரவில்லை. 1971இல் மிஷிகன் மைதானத்தில், நடுவர் தீர்ப்பு பிடிக்காமல், எல்லைக்கோட்டின் அடையாளங்களைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். 1973 புத்தாண்டு நாளன்று, ரோஸ் பௌல் ஆட்டத்துக்கு முன்னால், படமெடுக்க வந்த புகைப்படக்காரரின் கேமராவை அவர் முகத்திலேயே அழுத்தித் தள்ளினார். 1977இல் மிஷிகனோடு தோற்றுக்கொண்டிருக்கையில் ஏபிசி தொலைக்காட்சியின் கேமராக்காரரைக் குத்தினார். அதற்காக பிக் டென் கூட்டமைப்பு அவரை எச்சரிக்கைக் கண்காணிப்பில் வைத்தது. வேலைக்கு ஒரு சேதமும் இல்லை. பயிற்சிக் களத்தில் கைக்கடிகாரத்தை உடைப்பதும் தொப்பியைக் கிழிப்பதும் கதை கதையாகச் சொல்லிச் சிரிக்கப்பட்டன. ஜெயிக்கிற மனிதரின் கோபத்துக்கு ஊர் செல்லம் கொடுத்து வளர்த்தது. கேட்டர் பௌலில் அந்தக் குத்து விழுந்தபோதுகூட நேரலை வர்ணனையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதைப் படிக்கிறவர் மனத்தில் 1961 வந்து நிற்க வேண்டும். அந்த ஆண்டு ஹேய்ஸின் அணி ரோஸ் பௌலுக்குத் தகுதி பெற்றிருந்தது. பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் படிப்பை மிஞ்சிப் போகிறது என்று கருதிய பேராசிரியர் குழு, 28-25 என்ற வாக்கில், அழைப்பை ஏற்க வேண்டாம் என்று தீர்மானித்தது. பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸ் நகரத் தெருக்களில் மாணவர்கள் கொதித்தார்கள். ஹேய்ஸ் என்ன செய்தார்? அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் வாக்களித்தவர்களின் நேர்மையை மதிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்தையே பறித்த ஒரு மறுப்பை அவரால் விழுங்க முடிந்தது. வேண்டாம் என்ற சொல் முறையான இடத்திலிருந்து, தயக்கமில்லாமல் வந்தால் கட்டுப்படத் தெரிந்த மனிதர் அவர். 1971லும் 1973லும் 1977லும் அந்தச் சொல்லை அவருடைய முகத்துக்கு நேரே, வலிக்கிற மாதிரி, அவருடைய பல்கலைக்கழகம் சொல்லவில்லை. மைதானத்தில் எண்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள் நிறைந்திருந்தார்கள்; டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது; யார் வாய் திறப்பார்கள்?

கடைசியில் சொல்ல வேண்டி வந்தவர் விளையாட்டுத் துறை இயக்குநர் ஹியூ ஹிண்ட்மன். அவரும் ஹேய்ஸிடம் ஆடியவர், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். பல்கலைக்கழகத் தலைவர் ஹெரால்ட் எனர்சனோடு கலந்து முடிவெடுத்த பிறகு, நீங்களே ராஜினாமா செய்யலாம் என்று ஆசானுக்கு ஒரு வழி விட்டார் ஹிண்ட்மன். அது ரொம்பச் சுலபமான வழி என்று ஹேய்ஸ் மறுத்துவிட்டார். ஆக, சீடர் தன் வாயாலேயே குருவை நீக்கினார். சின்னச் சின்னதாக, ஆண்டுக்கணக்கில் பலர் பங்கிட்டுச் செய்திருக்க வேண்டிய வேலை முழுவதும் ஒரே ஒருவர் தலையில், ஒரே இரவில் விழுந்தது.

விழுந்த பிறகு ஹேய்ஸ் ஊரைவிட்டு ஓடவில்லை. அதே கொலம்பஸில், அதே வளாகத்தில், ராணுவப் பயிற்சித் துறைக் கட்டடத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு பழைய வீரர்களுக்காக அலைந்தார், கூப்பிட்ட இடங்களுக்கெல்லாம் போய்ப் பேசினார். 1983இல் கல்லூரி ஃபுட்பால் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 1986 மார்ச்சில் ஓஹையோ ஸ்டேட் அவரைப் பட்டமளிப்பு விழாவில் பேச அழைத்தது. நமக்கு உதவியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியாது, அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். ஓராண்டு கழித்து, 1987 மார்ச் 12 அன்று காலமானார். இறுதிச் சடங்கில் இரங்கல் உரை ஆற்றியவர் முன்னாள் ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சன்.

இந்தப் பிற்பகுதியைக் காட்டி, பாருங்கள், ஊர் மன்னித்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்பார்கள். மன்னித்தது நல்லதுதான். ஆனால் அதே ஊர் அதற்கு முன்னால் பல ஆண்டுகள் காட்டியதை மன்னிப்பு என்று சொல்ல முடியாது. அது வெற்றிக்குக் கொடுத்த விலை. கேமரா முகத்தில் அழுந்திய புகைப்படக்காரரும், குத்துப்பட்ட கேமராக்காரரும், இருபது வயதைச் சுற்றிய பாமனும்தான் அந்த விலையைக் கட்டினார்கள். ஹேய்ஸும் கட்டினார். கோபம் அவருடையது, பொறுப்பும் அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1971இல் அடையாளங்களைக் கிழித்த அன்றே நான்கு ஆட்டம் வெளியே உட்கார வைத்திருந்தால், அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். 1961இல் அப்படித்தானே நடந்துகொண்டார்?

1978 டிசம்பர் 30 அன்று ஓஹையோ ஸ்டேட் செய்தது சரி. ஏழு ஆண்டு தாமதமாகச் செய்தது.